மூன்று பேர், இரண்டு வேகம், ஒரே வீழ்ச்சி

ஒரே எடையுள்ள இருவர் ஒரே விமானத்திலிருந்து ஒரே சமயத்தில் குதிக்கிறார்கள். ஒருவர் குப்புறப் படுத்து, கை கால்களை விரித்தபடி விழுகிறார். மற்றவர் தலைகீழாக, உடலை நீட்டிக்கொண்டு விழுகிறார். கால் நிமிடம் கழித்து முதலாமவர் மணிக்கு ஏறத்தாழ 195 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கிக்கொண்டிருப்பார். இரண்டாமவர் 260ஐ நெருங்கியிருப்பார். வினாடிக்கு 18 மீட்டர் வித்தியாசம். அடுத்த பத்து வினாடியில் அவர்களுக்கிடையே இன்னும் 180 மீட்டர் இடைவெளி விழும். இந்த இருவரும் நடுவானில் கைகோத்துக்கொண்டு சேர்ந்தே இறங்க வேண்டுமென்றால் என்ன செய்வது?

ஸ்கைடைவிங்கில் ‘ஹைபிரிட்’ எனப்படும் கலப்பு அணிவகுப்பு இந்தக் கேள்விக்கான விடை. அதன் எளிய வடிவத்தில் மூன்று பேர் இருப்பார்கள். இருவர் எதிரெதிரே குப்புறப் படுத்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்திருப்பார்கள். மூன்றாமவர் அவர்களுக்கு நடுவே, கீழே, கைகளை மேலே உயர்த்தி இருவரின் நெஞ்சுப்பட்டைகளையும் பற்றி, கால்கள் பூமியை நோக்க நின்ற வாக்கில் தொங்குவார். அவரைத் ‘தொங்குபவர்’ என்றே சொல்கிறார்கள். குழு பெரிதானால் குப்புறப் பறப்பவர்கள் நால்வராகவோ எண்மராகவோ வளையம் அமைப்பார்கள். சுற்றிலும் தலைகீழாகவும் உட்கார்ந்த நிலையிலும் சிலர் பறந்து வந்து, தொங்குபவரின் பாதத்தையோ கையையோ பிடிப்பார்கள். அமெரிக்காவின் தேசியப் போட்டிகளில் இருவர் மட்டும் மாறி மாறி வெவ்வேறு நிலைகளில் பறந்து அணி அமைக்கும் பிரிவும் இருக்கிறது. ஆனால் வார இறுதிகளில் குதிதளங்களில் ஆசையோடு செய்யப்படுவது தொங்குபவருடன் கூடிய ஹைபிரிட்தான். படத்தில் பார்க்க அழகாக இருக்கும். இரண்டு வகைப் பறப்பவர்களும் ஒன்றாகக் குதிக்க ஒரு வாய்ப்பும் கிடைக்கும்.

இரண்டு வகை என்று சொல்லக் காரணமுண்டு. பல பத்தாண்டுகளாக ஸ்கைடைவிங் என்றாலே குப்புறப் பறப்பதுதான். 1990களின் தொடக்கத்தில் ஓலாவ் ஜிப்ஸர் என்ற ஜெர்மானியரும் அவரைப் பின்பற்றியவர்களும் உட்கார்ந்தும் நின்றும் தலைகீழாகவும் பறக்கும் முறையை ஒரு கலையாக வளர்த்தார்கள். ‘ஃப்ரீஃப்ளை’ என்ற பெயர் நிலைத்தது. அதன்பின் குதிதளங்களில் இரண்டு கூட்டங்கள் உருவாயின. உடையும் உபகரணப் பழக்கமும் வேறு, விமானத்திலிருந்து இறங்கும் வரிசையும் வேறு. குப்புறப் பறக்கும் குழுக்கள் பெரும்பாலான இடங்களில் முதலில் இறங்கும். மெதுவாக விழுவதால் அவர்கள் காற்றில் அதிக நேரம் இருப்பார்கள், மேல்காற்று அவர்களை அதிக தூரம் தள்ளிச்செல்லும். ஃப்ரீஃப்ளை குழுக்கள் முதலில் குதித்தால், பின்னால் வரும் குப்புறக் குழு அவர்களுக்கு மேலாக நகர்ந்து வந்துவிடக்கூடும். ஆக, பாதுகாப்புக்காகவே பிரித்துவைக்கப்பட்ட இரு கூட்டங்களை ஹைபிரிட் ஒரே குழுவாகச் சேர்க்கிறது. தனித்தனியாக இருந்தபோது தலைகாட்டாத சிக்கல்கள் சேரும்போது தலைகாட்டுகின்றன. கலப்பு அணிக்கு என்ன அனுபவம் வேண்டும் என்ற கேள்வியின் கனம் இங்கேதான் இருக்கிறது.

முதலில் இயற்பியல். விழும் உடலின் வேகம் கூடக் கூடக் காற்றுத்தடையும் கூடும், அதுவும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப. தடை எடைக்குச் சமமாகும் கணத்தில் வேகம் ஏறுவது நின்றுவிடும். பள்ளிப் பாடநூலில் முற்றுத் திசைவேகம் என்று படித்தது இதைத்தான். ஸ்கைடைவர் தன் எடையை நடுவானில் மாற்ற முடியாது. மாற்றக்கூடியது காற்றுக்குக் காட்டும் பரப்பையும் வடிவத்தையும் மட்டுமே. இவ்விரண்டையும் பெருக்கிய அளவைத் தடைப்பரப்பு என்று வைத்துக்கொள்வோம். உபகரணங்களோடு சேர்த்து 90 கிலோ உள்ள ஒருவர், 2 கிலோமீட்டர் உயரத்துக் காற்றில், மணிக்கு 195 கிலோமீட்டர் வேகத்தில் நிலைகொள்கிறார் என்றால் அவருடைய தடைப்பரப்பு சுமார் 0.6 சதுர மீட்டர். அவரே தலைகீழாகவோ நின்ற வாக்கிலோ 260இல் விழுகிறார் என்றால் சுமார் 0.34. வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடுவதற்குத் தடைப்பரப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைய வேண்டியிருக்கிறது.

இப்போது மூவரையும் இணைத்துப் பார்ப்போம். மூவரும் 90 கிலோ என்று கொண்டால் மொத்த எடை 270 கிலோ. தடைப்பரப்பு 0.6 இரண்டு முறை, 0.34 ஒரு முறை, ஆகச் சுமார் 1.54. இந்தக் கூட்டு உடலின் முற்றுத் திசைவேகம் மணிக்கு ஏறத்தாழ 210 கிலோமீட்டர் என்று வரும். குப்புறப் பறப்பவர்கள் தங்கள் இயல்பைவிட 15 கிலோமீட்டர் வேகமாக விழுகிறார்கள். தொங்குபவர் தன் இயல்பைவிட 50 கிலோமீட்டர் மெதுவாக விழுகிறார். அவர் உடலின்மீது படும் காற்றுத்தடை அவர் எடை முழுவதையும் தாங்காது. எஞ்சிய சுமார் 300 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 31 கிலோ எடை, அவருடைய கைகள் வழியாக மேலே உள்ள இருவர்மீது இறங்குகிறது. ஒவ்வொருவரின் நெஞ்சுப்பட்டையிலும் 15 கிலோ அரிசிப் பை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டதுபோல.

இது தோராயக் கணக்கு. எடையும் உயரமும் உடையும் மாறினால் எண்களும் மாறும். ஆனாலும் இந்த 31 கிலோவை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வருகிற அறிவுரைகள் எல்லாம் தாமாக விளங்கும்.

பொதுவாக ஹைபிரிட் என்றதும் எல்லார் கண்ணும் தொங்குபவர்மீதும் தலைகீழாகப் பறப்பவர்மீதும்தான் போகும். மேலே குப்புறக் கிடப்பவர்களுக்கு வேலையே இல்லை, சும்மா படுத்திருந்தால் போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது தவறான எண்ணம் மட்டுமல்ல, ஆபத்தான எண்ணமும்கூட. அணியின் மேடை அவர்கள்தான். அந்த மேடை ஆடினால் கீழே இருப்பவருக்குப் போக்கிடம் இல்லை.

குப்புறப் பறப்பவரின் ஈர்ப்பு மையம் தொப்புளை ஒட்டி இருக்கிறது. சுமை தொங்குவதோ நெஞ்சில், அதற்குச் சற்று முன்னால். ஆகவே தலைப்பக்கம் தாழும், கால்பக்கம் எழும். எதிரெதிரே இருக்கும் இருவருக்கும் இப்படி ஆனால் இருவருமே நடுவில் தொங்குபவரின் தலைமேல் சரிவார்கள். இதைத் தடுக்க, கால்களை மடக்கிப் பின்பக்கத் தடையைக் குறைத்து, மார்பை நிமிர்த்தி, முன்பக்கத்தில் அதிகக் காற்றை வாங்க வேண்டும். எப்போது எவ்வளவு என்று யோசித்துச் செய்ய நேரமிருக்காது. சுமை ஏறுவதை நெஞ்சு உணர்ந்ததும் கால் தானாகவே பதில் சொல்ல வேண்டும். தன்னைவிட எடை கூடியவரோடும் குறைந்தவரோடும் பலமுறை குதித்து, வேகமாக விழவும் மெதுவாக விழவும் உடலைப் பழக்கியவருக்கே அது வரும். புதிதாக உரிமம் வாங்கியவருக்கு வராது.

இணைந்திருக்கும் இருவரைத் தவிர, பின்னால் வந்து சேர வேண்டிய குப்புறப் பறப்பவர்களின் நிலைமை இன்னும் கடினம். அவர்களை இழுக்க எந்தச் சுமையும் இல்லை. ஆனாலும் 210இல் விழும் அணியை எட்ட வேண்டும். அதற்குத் தடைப்பரப்பைச் சுமார் 14 சதவீதம் குறைத்தாக வேண்டும். உடலை வில்லாக வளைத்து, கைகளை உள்ளே இழுத்து, இறுக்கமான உடை அணிந்துதான் அது முடியும். உடல் மெலிந்தவர், தொளதொள உடையில் வந்தால், அணி தன் கண்ணெதிரே கீழே போவதைப் பார்த்துக்கொண்டு மேலேயே மிதப்பார். மிதப்பவர் ஆத்திரத்தில் தலையைக் குத்திக் கீழே பாய்ந்தால் அது இன்னும் மோசம். அணியின் மேல்பக்கத்தில் காற்று கலங்கிக் கிடக்கும் பகுதி ஒன்று உண்டு. விழும் ஒவ்வோர் உடலுக்கும் பின்னால், அதாவது மேலே, அப்படி ஒரு குழி இருக்கிறது. அதற்குள் நுழைந்தவருக்குத் தாங்கும் காற்று திடீரென்று இல்லாமல் போகும். அவர் அப்படியே அணியின் முதுகில் விழுவார். அங்கே பாராசூட் பைகள் இருக்கின்றன.

பிடி பற்றியும் சொல்ல வேண்டும். நெஞ்சுப்பட்டைக்கு இரு பக்கமும், ஒரு சாண் தொலைவுக்குள், இரண்டு கைப்பிடிகள் இருக்கும். வலப்பக்கம் இருப்பது பழுதான முதன்மைப் பாராசூட்டைக் கழற்றிவிடுவது. இடப்பக்கம் இருப்பது மாற்றுப் பாராசூட்டைத் திறப்பது. காற்று அறைந்துகொண்டிருக்க, தலைக்கு மேலே கையை நீட்டித் துழாவும் தொங்குபவரின் விரல்கள் இடப்பக்கக் கைப்பிடியில் மாட்டினால், அவர் பற்றியிருப்பவரின் மாற்றுப் பாராசூட் அங்கேயே விரியும். ஆகவே பிடி எங்கே, எந்தக் கை, உள்ளங்கை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் தரையில், உபகரணங்களை மாட்டிக்கொண்டே, பலமுறை ஒத்திகை பார்க்கிறார்கள். இந்த ஒத்திகையை அவசரமாக முடிக்கும் குழுவோடு குதிக்காமல் இருப்பது நல்லது.

விமானத்தை விட்டு வெளியேறும் முதல் பத்து வினாடிகள் தனி வித்தை. குதிக்கும் கணத்தில் காற்று கீழிருந்து வருவதில்லை. விமானம் மணிக்கு 150 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் போய்க்கொண்டிருப்பதால் காற்று முன்னாலிருந்து வருகிறது. வீழ்ச்சி வேகம் ஏற ஏற அந்தக் காற்றின் திசை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, கடைசியில் நேர் கீழிருந்து வீசும். மூவரும் பிடித்தபடியே வெளியேறுவதென்றால், தொங்குபவர் தொடக்கத்தில் கால்களை விமானம் போகும் திசையில் நீட்டி, ஏறக்குறையக் கிடைமட்டமாக இருக்க வேண்டும். குப்புறப் பறப்பவர்கள் வயிற்றை அதே திசைக்குக் காட்ட வேண்டும். பிறகு மூவரும் ஒரே உடலாகப் பத்து வினாடியில் ஒரு கால்வட்டம் சுற்றி நேராக நிற்பார்கள். தொங்குபவர் பழக்கத்தால் குதித்த உடனேயே கால்களைப் பூமியை நோக்கி இறக்கினால், காற்று அவருடைய மார்பிலோ முதுகிலோ அறைந்து, அணியை முழுவதும் புரட்டிவிடும். காற்று எங்கிருந்து வருகிறதோ அதுதான் ‘கீழே’ என்பது உடலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் பூமி இங்கே நம்மை ஏமாற்றும்.

தலைகீழாகப் பறந்து வந்து சேர்பவருக்கான சோதனை வேறு வகை. அவர் 260இல் நன்றாகப் பறப்பார். வேகம் இருக்கும்போது காற்று கெட்டியாக இருக்கும், ஒரு விரல் அசைவுக்கும் உடல் பதில் சொல்லும். ஆனால் ஹைபிரிட் கேட்பது 210. அதற்குத் தடைப்பரப்பை 50 சதவீதத்துக்கு மேல் கூட்ட வேண்டும். கால்களை அகல விரித்து, இடுப்பை மடக்கி, கைகளையும் மார்பையும் காற்றுக்குக் கொடுக்க வேண்டும். அப்படிச் செய்தும் நகராமல், சுழலாமல், எதிரில் இருப்பவரின் கண் மட்டத்தில் நிற்க வேண்டும். வேகமாகத் தலைகீழாகப் பறப்பதைவிட மெதுவாகத் தலைகீழாகப் பறப்பது கடினம். ஃப்ரீஃப்ளை தெரியும் என்று சொல்பவரின் தேர்ச்சியை அளக்க, அவரால் எவ்வளவு மெதுவாகப் பறக்க முடியும் என்று பார்ப்பதே சிறந்த வழி என்பது என் கருத்து.

தேர்ச்சி போதாதவர் சமநிலை தவறும்போது உடல் தன்னிச்சையாகப் பழைய பழக்கத்துக்குத் திரும்பும். அதாவது குப்புற விரியும். ஃப்ரீஃப்ளை பறப்பவர்கள் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான். 260இல் விழுந்துகொண்டிருப்பவர் திடீரென்று குப்புற விரிந்தால், தடை அவர் எடையைப்போல் ஒன்றே முக்கால் மடங்காகும். அவருக்கு 10 மீட்டர் மேலே அதே 260இல் வந்துகொண்டிருப்பவரின் பார்வையில், கீழே இருந்தவர் மேல்நோக்கிப் பாய்வதாகத் தெரியும். ஏறத்தாழ இரண்டு வினாடியில் அந்த இடைவெளி மறைந்துவிடும். மோதும்போது இருவருக்கும் இடையேயான வேகம் மணிக்கு 35 கிலோமீட்டர். அது 5 மீட்டர் உயரத்திலிருந்து ஒருவர்மேல் ஒருவர் விழுவதற்குச் சமம். ஆகவேதான் ஃப்ரீஃப்ளை கற்றுக்கொடுப்பவர்கள், சமநிலை போனாலும் குப்புற விரியாதே, உட்கார்ந்த நிலைக்கு வா, வேகத்தைக் காப்பாற்று என்று ஓயாமல் சொல்கிறார்கள். இந்தப் பழக்கம் எலும்பில் ஊறிய பிறகே ஒருவர் மற்றவர்களுக்கு அருகில் தலைகீழாகப் பறக்கலாம்.

உபகரணத்துக்கு வருவோம். இதில் சமரசத்துக்கு இடமே இல்லை. குப்புறப் பறப்பவரின் முதுகுப் பை, காற்று நேரடியாகப் படாத பக்கத்தில் இருக்கிறது. நின்றும் தலைகீழாகவும் பறப்பவருக்கு அப்படியில்லை. மேலிருந்தும் கீழிருந்தும் பக்கவாட்டிலும் காற்று பையின் மூடிகளைப் பிய்க்கப் பார்க்கும். பைலட் சூட் எனப்படும் குட்டிப் பாராசூட்டைப் பையோடு இணைக்கும் நாடாவில் ஓர் அங்குலம் வெளியே தெரிந்தாலும் காற்று அதைப் பிடித்து இழுத்துவிடலாம். பையை மூடும் கண்ணி தளர்ந்திருந்தாலும் அப்படியே. தொடைப்பட்டைகள் முழங்காலை நோக்கி நழுவாதபடி இரண்டையும் இணைக்கும் மீள்பட்டி வேண்டும். ஃப்ரீஃப்ளைக்கு ஏற்ற உபகரணம் என்று சொல்வது இவையெல்லாம் சரியாக இருப்பதைத்தான்.

தொங்குபவரைப் பொறுத்தவரை இது மூவரின் உயிர்ப்பிரச்சினை. அவருடைய பாராசூட் எதிர்பாராமல் திறந்தால் அது விரியும் திசை மேல்நோக்கி. அங்கே இரண்டு பேர் இருக்கிறார்கள். துணியும் கயிறுகளும் சிக்கலாகி அவர்களைச் சுற்றிக்கொள்ளலாம். அல்லது மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் விழும் அவர்களுக்குக் கீழே ஒரு மனித உடல் சட்டென்று வேகம் இழந்து மேலே வரலாம். எனவே தொங்குபவரின் பையை அவர் மட்டும் சரிபார்த்தால் போதாது. மேலே இருக்கப்போகும் இருவரும் விமானம் ஏறும் முன் ஒருமுறை, கதவு திறக்கும் முன் ஒருமுறை, தங்கள் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். குப்புறப் பறக்க மட்டும் பயன்படுத்திய பழைய பையோடு, இன்று ஒருநாள் மட்டும் தொங்கிப் பார்க்கிறேன் என்று ஒருவர் வந்தால், எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும் மறுத்துவிட வேண்டும்.

அடுத்தது நேரம். குப்புற விழுபவர் 1,000 அடியைக் கடக்க 5.6 வினாடி ஆகும். ஹைபிரிட்டில் 5.2. தலைகீழாக 4.2. வித்தியாசம் சிறிதாகத் தோன்றும். ஆனால் 13,500 அடியில் குதித்து 5,500 அடியில் பிரிய வேண்டுமென்றால் ஹைபிரிட்டுக்குக் கிடைப்பது முக்கால் நிமிடம்தான். பல ஆண்டுகளாகக் குப்புறப் பறந்து பழகியவரின் உள்மனக் கடிகாரம் இங்கே பிந்திவிடும். கையில் கட்டிய உயரமானியைப் பார்க்கவும் வசதிப்படாது, கைகள் பிடியில் இருக்கின்றன. தலைக்கவசத்துக்குள் பீப் ஒலி எழுப்பும் உயரமானி இதற்காகவே வேண்டும். அதை மட்டும் நம்பவும் கூடாது. எதிரில் இருப்பவரின் கையைப் பார்த்து உயரத்தைப் படிக்கும் பழக்கமும் வேண்டும்.

பிரியும் கணத்தில்தான் அனுபவத்தின் உண்மையான மதிப்பு தெரியும். தொங்குபவர் இரு கைகளையும் ஒரே சமயத்தில் விட வேண்டும். ஒரு கையை மட்டும் முதலில் விட்டால் 31 கிலோவும் ஒருவர்மீது இறங்கும், அவர் சாய்ந்து சுழல்வார். இரண்டையும் சேர்த்து விட்டால், சுமை நீங்கிய இருவரின் வேகம் தணியும், தாங்கல் நீங்கியவரின் வேகம் ஏறும். முதல் வினாடியில் இரண்டரை மீட்டர் இடைவெளி விழும். இரண்டு வினாடியில் எட்டு மீட்டருக்கு மேல். அந்த இடைவெளி தொங்குபவருக்குக் கிடைத்த பாதுகாப்பு. அவசரப்பட்டு அங்கேயே குப்புறத் திரும்பினால் அதை அவரே அழித்துவிடுவார். மேலே இருப்பவர்கள் அவர்மேல் வந்து இறங்குவார்கள். அவர் நின்ற வாக்கிலேயே சற்று விழுந்து, மேலே பார்த்து, யார் எங்கே இருக்கிறார்கள் என்று உறுதிசெய்து, பிறகுதான் பக்கவாட்டில் விலகிப் பறக்கத் தொடங்க வேண்டும். விலகிப் பறப்பது என்றால் உடலைச் சிறகுபோலத் தட்டையாக்கிக் கிடைமட்டமாகத் தூரம் கடப்பது. இதில் தேர்ச்சி இல்லாதவரை எந்தக் கலப்பு அணியிலும் சேர்க்கக் கூடாது.

அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் வழிகாட்டுதல்படி, ஐந்து பேர் வரையிலான குழு பாராசூட் திறக்கும் உயரத்துக்குக் குறைந்தது 1,500 அடி மேலேயே பிரிய வேண்டும். ஆறு பேரும் அதற்கு மேலும் என்றால் 2,000 அடி. கலப்பு அணிக்கு இதைவிடக் கூடுதலாக வைத்துக்கொள்வதே அறிவு. காரணம், வேகமாக விழுபவர்களுக்கு விலகுவதோடு வேகத்தைத் தணிக்கவும் நேரம் வேண்டும். 260இல் பாராசூட்டைத் திறந்தால் அதன்மீது மோதும் காற்றின் விசை 195இல் இருப்பதைவிட ஏறத்தாழ 1.8 மடங்கு. துணி கிழியலாம், உள்காயம் ஏற்படலாம், கழுத்தெலும்பு தாங்காமல் போகலாம்.

மோதலில் நினைவிழப்பவருக்குக் கடைசிக் காப்பு தானியங்கிக் கருவி. ஜெர்மனியின் ஹெல்முட் குளோத் உருவாக்கி 1991இல் வெளிவந்த சைப்ரஸ் கருவி இந்த விளையாட்டின் முகத்தையே மாற்றியது. காற்றழுத்தத்தை அளந்துகொண்டே வரும் அது, தரையிலிருந்து சுமார் 225 மீட்டர் உயரத்தில் ஒருவர் இன்னும் வினாடிக்கு 35 மீட்டருக்கு மேல் வேகமாக விழுந்துகொண்டிருந்தால், மாற்றுப் பாராசூட்டின் மூடுகண்ணியைத் தானே வெட்டிவிடும். கலப்பு அணியில் குதிப்பவர் எவரும் இப்படியொரு கருவி இல்லாமல் விமானம் ஏறக் கூடாது.

சரி, எத்தனை குதிப்புகள் வேண்டும்? எல்லாரும் கேட்கும் கேள்வி இது. அமெரிக்காவில் ஏ உரிமத்துக்கு 25, பி உரிமத்துக்கு 50, சி உரிமத்துக்கு 200, டி உரிமத்துக்கு 500 குதிப்புகள் வேண்டும். இந்த எண்களில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு இதுதான் ஹைபிரிட்டுக்கான எல்லை என்று சொல்வது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆயிரம் முறை குப்புறக் குதித்தவர் தொங்குபவராக இருக்கும்போது புதியவர்தான். தலைகீழாக 300 முறை பறந்தவருக்கு, 15 கிலோ நெஞ்சில் தொங்கக் குப்புறப் படுத்திருக்கத் தெரியாமல் போகலாம். கேட்க வேண்டிய கேள்வி வேறு. தனக்குப் பழக்கமில்லாத வேகத்துக்கு இவரால் தன்னைப் பொருத்திக்கொள்ள முடியுமா? சமநிலை தவறினால் வேகத்தை விடாமல் மீள்வாரா? எட்டாத அணியைத் துரத்தாமல் விலகி நிற்கும் நிதானம் இவருக்கு இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் ஆம் என்று சொல்ல, இவரோடு முன்பு குதித்த ஒருவரின் சாட்சியம் வேண்டும். கணக்குப் புத்தகத்திலுள்ள எண் அதைச் சொல்லாது.

செங்குத்துக் காற்றுச் சுரங்கங்கள் வந்த பிறகு கற்பது எளிதாகியிருக்கிறது. சிங்கப்பூரின் செந்தோசாவில் 2011இல் திறக்கப்பட்டது போன்ற சுரங்கங்களில் ஒரு மணி நேரம் பறப்பது, முக்கால் நிமிட வீழ்ச்சிகள் எண்பதுக்குச் சமம். மெதுவாகத் தலைகீழாகப் பறப்பதையும், உடல் வடிவத்தால் ஏறி இறங்குவதையும் அங்கே நுட்பமாகப் பழகலாம். ஆனால் சுரங்கத்தில் உயரம் குறைவதில்லை, பிரிந்து விலகுவதற்கு இடமில்லை, முதுகில் திறந்துகொள்ளக்கூடிய பாராசூட்டும் இல்லை. சுரங்கத்தில் பறந்தே வித்தகரானவர், வானத்தில் முதல் சில ஆண்டுகள் மாணவர் என்ற நினைப்போடு இருக்க வேண்டும்.

உலகின் மாபெரும் அணிகள் எல்லாம் ஒரே நிலையில் அமைந்தவை என்பதையும் கவனிக்க வேண்டும். 2006 பிப்ரவரி 8 அன்று தாய்லாந்தின் உடோன் தானியில் 400 பேர் குப்புறப் பறந்து 4.25 வினாடி இணைந்திருந்தார்கள். 2015 ஜூலை 31 அன்று அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து ஒட்டாவாவில் 164 பேர் தலைகீழாக இணைந்தார்கள். இருவகைப் பறப்பையும் அந்த அளவில் கலந்து அணி அமைப்பது எளிதல்ல. காரணம் துணிச்சல் குறைவு அல்ல. ஒரே நிலையில் பறப்பவர்களுக்கு ஒரு பொது வேகம் உண்டு, எல்லாரும் அதைச் சுற்றிச் சிறிதளவு ஏற்ற இறக்கம் செய்தால் போதும். கலப்பு அணியில் யாருக்கும் இயல்பான வேகம் என்று ஒன்று இல்லை. ஒவ்வொருவரும் தன் இயல்பை விட்டுக்கொடுத்தே சேர வேண்டும்.

துபாயிலோ ஆஸ்திரேலியாவிலோ அமெரிக்காவிலோ இந்த விளையாட்டைக் கற்றுவரும் தமிழ் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் முதல் ஹைபிரிட்டில் நீங்கள் ஒருவர் மட்டுமே புதியவராக இருங்கள், மற்ற இருவரும் பலமுறை செய்தவர்களாக இருக்கட்டும். மூன்று பேரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தரையில் ஒத்திகை பார்க்காத, பையைச் சரிபார்க்க மறுக்கிற, பிரியும் உயரத்தைத் தெளிவாகச் சொல்லாத அழைப்பு யாரிடமிருந்து வந்தாலும் ஏற்காதீர்கள். விமானம் ஏறிய பிறகு மனம் ஒப்பவில்லை என்றாலும் சொல்லிவிடுங்கள். குப்புறப் பறக்கும் சாதாரணக் குதிப்பாக அதை மாற்றிக்கொள்ள அப்போதும் நேரம் இருக்கும்.